இமைப்பொழுதின் உள்ளே

சென்ற மார்கழியில், கோவை நகரின் கிழக்குப் புறத்தேயுள்ள பஞ்சாலையொன்றைக் காண்பதற்கு யாம் சிலர் சென்றிருந்தோம். நூற்புக் கூடத்திலே ரிங் பிரேம் என்னும் பொறிகள் வரிசை வரிசையாக நின்று இரைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பொறியிலும் நூற்றுக்கணக்கான கதிர்கள். கதிர் ஒவ்வொன்றும் நிமிடத்திற்குப் பதினெண்ணாயிரம் சுற்றுச் சுற்றுவதாகச் சொன்னார்கள். எமக்குத் தெரிந்ததோ வெண்புகை போன்ற ஒரு மயக்கமே. மேஸ்திரியார் அவ்வரிசையின் மேல்விளக்கை அணைக்கச் செய்து, கையிற் கொணர்ந்த வேறொரு விளக்கை ஒரு கதிரின்மேற் பிடித்து, அதன் குமிழைச் சிறிது சிறிதாகத் திருகினார். புகை நீங்கிற்று, கதிர் நின்றுவிட்டது. அதன்மேற் படிந்த நூலின் ஒவ்வொரு சுற்றும் எண்ணத்தக்கவாறு தெரிந்தது. எம்முள் ஒருவர் தம்மையறியாமலே அதனைத் தொடக் கைநீட்டினார். மேஸ்திரியார் அக்கையைப் பற்றி இழுத்து, "நிக்கிற மாதிரித் தெரியுதுங்க தம்பி, நிக்கலீங்க, வெரலு போயிருமுங்க" என்றார்.

அவ்விளக்கின் பெயர் ஸ்ட்ரோபோஸ்கோப் என்பது. அஃது இடையறாது எரிவதன்று. விநாடிக்கு முந்நூறு முறை மின்னி மின்னி அணைவது. கதிரும் விநாடிக்கு முந்நூறு முறை சுழல்வது. ஆகவே ஒவ்வொரு மின்னலும் கதிர் தன் பழைய நிலைக்கு மீண்டுவரும் கணத்திலேயே அதன்மேல் விழுகின்றது. இடைப்பட்ட நிலைகளெல்லாம் இருளில் மறைய, கண் ஒரு நிலையையே காண்கின்றது. மின்னல் ஒன்று நீடிப்பது விநாடியின் லட்சத்தில் ஒரு பங்களவே. அதற்குள் கதிர் ஒரு பாகையளவே திரும்புமாதலின் உருவம் கலங்குவதில்லை. மின்னும் விரைவைச் சற்றே குறைத்தால், நின்ற கதிர் ஆமைபோல் மெல்ல மெல்லத் திரும்புவதாகத் தோன்றும்.

தமிழிலே இச்சுழலுங் கோலுக்கும் ஞாயிற்றின் ஒளிக்கும் கதிர் என்பதே பெயர். நூல் என்னும் சொல்லுக்குக் காரணங் கூறப் புகுந்த நன்னூலார், பஞ்சினைச் சொல்லுக்கும், நூற்பவளைப் புலவனுக்கும், கதிரினை அவனது மதிக்கும் உவமையாக்கினார். அவரைக் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்று வழங்குவர். நூற்புத் தொழில் அவர் கண்முன் நிகழ்ந்திருக்கும் போலும். கதிரைக் கொண்டு கதிரை நிறுத்திக் காட்டிய மேஸ்திரியார் எமக்கு ஒரு சிலேடையையே செய்து காட்டினார் என்று வழிநெடுகப் பேசிவந்தோம்.

விடுதிக்குத் திரும்பியபின் வேதியியல் பயிலும் நண்பர் ஒருவர், "இதே சூழ்ச்சியாலேதான் மூலக்கூறுகள் ஒளிபட்டு உருமாறுவதையும் காண்கிறார்கள்" என்றார். மூலக்கூறு என்பது அணுக்கள் பல பிணைந்த நுண்பொருள். அஃது ஒளியை உண்டு உருமாறும் விரைவுக்கு முன் ஆலைக்கதிரின் விரைவு கல்லின் அசைவுக்கு ஒப்பாகும். அதனை எங்ஙனம் காண்பது? கண்டோம் என்பது எப்பொருளில் உண்மை? இவ்விரு வினாக்களையும் பற்றிக்கொண்டு சில திங்களாக நூல்களையும் நண்பர்களையும் வருத்தியதன் பயனே இக்கட்டுரை. தமிழ் பயிலும் மாணாக்கராகிய எமக்கு இப்பொருளில் எழுத உரிமை யாது என்பாரும் உளர். சொல்லையும் பொருளையும் பிரித்தறியப் பழகியோர்க்கும் இதில் வேலை உண்டென்பது பின்னர்ப் புலனாகும்.

முதற்கண் காலவளவை நோக்குவோம். இலக்கணம் கற்போர்க்குச் சிறு பொழுதுகள் புதியனவல்ல. எழுத்தின் ஒலிக்கு அளவு கூறவந்த தொல்காப்பியர், கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையுமே அளவுகோலாகக் கொண்டு அதற்கு மாத்திரை எனப் பெயரிட்டார். குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்திற்குக் கால். அதனினும் குறுகிய ஒலியை இலக்கணம் எண்ணுவதில்லை. செவி அதனைப் பிரித்தறியாது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்திலே பவுல் அப்போஸ்தலரும், காலத்தின் மிகச் சிறிய துணுக்கைச் சுட்ட வேண்டிய இடத்துக் கண்ணிமைப்பையே எடுத்தாண்டார். அவ்விடத்து அதனோடு சேர்ந்து நிற்கும் கிரேக்கச் சொல் 'அதோமொஸ்' என்பது. பிளக்கவொண்ணாதது என்பது பொருள். அணுவுக்கு மேனாட்டார் வழங்கும் பெயரும் அச்சொல்லினின்று பிறந்ததே. பொதிகைச் சாரலிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் மாந்தர் சிறுபொழுதை அளக்கத் தம் இமையையே நாடினர்.

இமைப்பு ஒன்று விநாடியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீடிக்கும் எனக் கொள்வோம். யாம் கூறப் புகும் நிகழ்ச்சி 200 பெம்டோ விநாடியில் முடிவது. ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு பெம்டோ விநாடியாகும். கணக்கிட்டு நோக்கின், அந்நிகழ்ச்சி இமைப்பின் லட்சங் கோடியில் ஒரு பங்கு. இமைப்பானது ஏறத்தாழ 6,300 ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு சிறிதோ, இமைப்பின்முன் அந்நிகழ்ச்சியும் அவ்வளவு சிறிது. அது நிகழும் இடம் தொலைவிலுள்ள விண்மீன் அன்று. அவ்விமையின் பின்னே, நம் கண்ணின் உள்ளேயேதான்.

கண்ணின் பின்திரையிலே கோல் வடிவான உயிரணுக்கள் பலகோடி உள்ளன. மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தருவன அவையே. அவற்றினுள் ரோடாப்சின் என்னும் புரதம் செறிந்துள்ளது. அப்புரதத்தின் நடுவே, உறையுள் வாள்போல ரெட்டினல் என்னும் சிறு மூலக்கூறு செருகப்பட்டிருக்கின்றது. வாள் என்றேம், கருக்கரிவாள் என்பதே பொருந்தும், அது வளைந்திருத்தலின். அதன் கரியணுத் தொடரிலே பதினொன்றாம் அணுவுக்கும் பன்னிரண்டாம் அணுவுக்கும் இடையே உள்ள இரட்டைப் பிணைப்பில்தான் அவ்வளைவு. ஒளித்துகள் ஒன்று அதன்மேற் பட்டவுடன் அப்பிணைப்பு முறுகித் திரும்பி, வளைந்த தொடர் நிமிர்கின்றது. அரிவாள் நிமிர்ந்தால் உறை சும்மா இராது. புரதம் தன் வடிவை மாற்றிக்கொள்ள, அம்மாற்றம் படிப்படியாக நரம்புக்கு எட்டி, நாம் காண்கின்றோம். பார்வைக்குத் தொடக்கம் இந்த ஒரு திருகலே. விழித்திரையில் ஏ உயிர்ச்சத்து உண்டென்பதை 1933-இல் கண்டு, இம்மூலக்கூறுகளின் வரலாற்றைத் தெளிவாக்கிய ஜார்ஜ் வால்ட் என்பார்க்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு புதிர் உண்டு. முதலடி 200 பெம்டோ விநாடியில் முடிந்தாலும், புரதம் முற்றும் உருமாற மில்லி விநாடிகள் செல்கின்றன. மூளைக்குச் செய்தி எட்ட மேலும் காலமாகும். பின்வருவோர் நடந்தே வருகையில், முன்செல்வோன் மட்டும் ஏன் இத்துணை விரைந்தோட வேண்டும்? விடை இதுவே: ஒளியை உண்ட மூலக்கூறு அவ்வாற்றலை நெடுநேரம் வைத்திருக்க இயலாது. பயன்கொள்ளாவிடின் அது வெப்பமாகச் சிதறிவிடும். சிதறுவதற்குள் முறுகிவிட வேண்டும். ரெட்டினல் அங்ஙனமே செய்கின்றது. மூன்று ஒளித்துகள்கள் அகப்பட்டால் ஏறத்தாழ இரண்டு பயன்தருகின்றன. உண்ட ஆற்றலிற் பாதிக்கு மேற்பட்டது நிமிர்ந்த வடிவின் இறுக்கத்திலே சேமிக்கப்படுகின்றது. அதே ரெட்டினலைப் புரதத்தினின்று பிரித்து மெத்தனால் என்னும் சாராயத்திற் கரைத்து ஒளியூட்டினால், திரும்புதற்குப் பிக்கோ விநாடிகள் செல்கின்றன, அஃதாவது பன்மடங்கு காலம். பயன்படும் பங்கும் மிகக் குறைகின்றது. ஆகவே விரைவு வாளுக்கு மட்டும் உரியதன்று. உறையின் சிறப்பும் அதில் உண்டு.

மற்றொரு பக்கத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். இருளிலே ஒளியின்றித் தானே நிமிர்ந்துவிடும் ரெட்டினல் பொய்ச்செய்தி அனுப்பும். இருட்டில் நாம் இல்லாத ஒளிப்பொறிகளைக் காண்போம். குரங்கின் கோலணுக்களை ஆராய்ந்தோர், ஒரு ரோடாப்சின் வெப்பத்தால் மட்டும் தானே திரும்புவது சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறையே எனக் கணித்துள்ளனர். நூற்றாண்டுக்கணக்கில் அசையாதிருப்பதும், அழைத்தவுடன் இமைப்பின் லட்சங் கோடியில் ஒரு பங்கில் எழுவதுமாகிய இவ்விரு பண்பும் ஒரே பிணைப்பில் அமைந்திருத்தலை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது.

இனி, காணும் வகை. ஆலைக்கதிர் தானே ஓயாது சுழல்வது. அதன் சுழற்சிக்கு விளக்கை இசைத்தாற் போதும். மூலக்கூறோ அங்ஙனம் சுழல்வதன்று, ஒருமுறையே திரும்பும். ஒன்று திரும்பும் கணத்தில் மற்றொன்று திரும்பாது. ஆதலின் யாவற்றையும் ஒரே கணத்தில் தொடங்கிவைக்க ஒரு மின்னலும், தொடங்கிய பின் குறித்த பொழுதிற் சென்று பார்க்க மற்றொரு மின்னலும் வேண்டும். முன்னதை எழுப்பொளி என்றும், பின்னதை வினவொளி என்றும் யாம் வழங்குவோம். இம்முறைக்கு வித்திட்டோர் கேம்பிரிட்ஜிலிருந்த நாரிஷும் போர்ட்டரும் ஆவர். 1949-ஆம் ஆண்டளவில் அவர்கள் கொண்ட மின்னல்கள் விநாடியின் ஆயிரத்திலொரு பங்களவின. வால்ட் பரிசு பெற்ற அதே 1967-இல் அவர்களும் வேதியியற் பரிசு பெற்றனர். கண்ணின் மூலக்கூறும் அதனைக் காணும் வழியும் ஒரே ஆண்டிற் சிறப்புற்றன. எனினும் அவை தம்முட் சந்திக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன. லேசர் என்னும் ஒளிக்கருவி வளர்ந்து, மின்னலின் நீளம் பெம்டோ விநாடிகளாகக் குறுகிய பின்னரே, எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த அகமது சிவெயில் 1980-களில் பிணைப்பு முறிவதைத் தொடர்ந்து நோக்கி, 1999-இல் நோபல் பரிசு பெற்றார்.

இரு மின்னல்களுக்கும் இடையே 200 பெம்டோ விநாடி இடைவெளி வைப்பது எப்படி? எந்தக் கடிகாரமும் அவ்வளவு நுட்பமாக அளவாது. எந்தச் சாளரக் கதவும் அவ்வளவு விரைவாகத் திறந்து மூடாது. இவ்விடத்து அறிஞர் கண்ட உபாயம் குழந்தைக்கும் விளங்கத்தக்கது. உக்கடத்திலிருந்து இருவர் ஒரே விரைவில் ஒரே நேரத்திற் புறப்பட்டு, ஒருவர் நேர்வழியாகவும் மற்றவர் பேரூர் சுற்றியும் ஓரிடத்தை அடைந்தால், சுற்றிவந்தவர் பிந்துவார். எவ்வளவு பிந்துவார் என்பது அவர் நடந்த மிகைத் தொலைவைப் பொறுத்தது. ஒளியையும் அவ்வாறே செய்கின்றனர். ஒரு மின்னலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை நேரே அனுப்பி, மறுபாதியை ஆடிகளின் வழியே சிறிது சுற்றவிடுகின்றனர். ஒளி ஒரு பெம்டோ விநாடியிற் செல்வது மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் மூன்று பங்கு. 200 பெம்டோ விநாடியில் அது செல்வது நூற்றில் ஆறு பங்கு. தலைமயிர் ஒன்றின் தடிப்பும் ஏறத்தாழ அவ்வளவே. ஒளி ஆடிக்குச் சென்று மீளுதலின், ஆடியை அரை மயிரிழை பின்னே தள்ளினால் ஒரு மயிரிழை வழி மிகும். பார்வையின் முதலடிக்கு வேண்டிய காலம் கிடைத்துவிடும். காலத்தை நேரே அளக்க மாட்டாமையால் இடத்தை அளந்து காலத்தைப் பெறுகின்றனர். ஆடியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் புதிதாக எழுப்பி, புதிதாக வினவி, விடைகளை வரிசைப்படுத்துவதே முழு வேலையும்.

இம்முறையால் ஷோன்லைன், பெத்தியானு, மாத்தீஸ், ஷாங்க் என்னும் நால்வர் கலிபோர்னியாவின் பெர்க்லியிலே ரோடாப்சினை ஆராய்ந்து, 1991-இல் வெளியிட்ட முடிவுதான் மேலே கூறிய 200 பெம்டோ விநாடி. 2010-இல் மிலான் நகரத்தாரும் அவர்தம் கூட்டாளிகளும் இன்னும் குறுகிய மின்னல்களைக் கொண்டு நோக்கி, ஒளியுண்ட நிலையிலிருந்து புதுவடிவின் நிலைக்கு இறங்கும் கணவாயை மூலக்கூறு ஏறத்தாழ 80 பெம்டோ விநாடியிலேயே கடக்கின்றது என்றனர்.

ஆயினும் இவ்வாராய்ச்சிகளிற் கண்டது என்ன? நிறமே. எந்த நிறவொளியை மூலக்கூறு உண்கின்றது, எதனை விடுகின்றது என்பதன் மாற்றமே. நிறம் மாறியதென்றால் வடிவம் மாறிற்றென்று கொள்ளலாமோ? மாங்காய் மஞ்சளித்தது கண்டு பழுத்ததென்கின்றோம். பெரும்பாலும் அது சரி. ஆனால் கல்வைத்துப் பழுக்கச் செய்த காயும் மஞ்சளிக்கும். வடிவத்தை அறிய வேண்டுமாயின் வடிவத்தோடு நேரே தொடர்புடைய ஒன்றைக் கேட்டல் வேண்டும். அங்ஙனம் கேட்கும் வழியைக் கண்டவர் இருவரும் நம் நாட்டார், அதிலும் தமிழர்.

திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கல்கத்தாவிலே கண்டறிந்தது யாதெனின், ஒரு நிற ஒளியை நீர்மத்திற் செலுத்தினால் சிதறிவரும் ஒளியிற் சிறுபகுதி நிறம் மாறி வருகின்றது என்பது. பிணைப்புகள் ஒவ்வொன்றும் யாழ்நரம்புபோல் தனக்குரிய விரைவில் அதிர்வன. ஒளி அவ்வதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்தோ அதனிடமிருந்து பெற்றோ நிறம் மாறுகின்றது. ஆகவே மாறிய நிறத்தை அளந்தால் நரம்பின் இசை தெரியும். இசை தெரிந்தால் நரம்பு எங்ஙனம் முறுக்கப்பட்டதென்பது தெரியும். பரிசு 1930-இல் ராமனுக்கே வழங்கப்பட்டது. நேச்சர் இதழில் வந்த முதற் கடிதத்திலோ இருவர் பெயரும் நிற்கின்றன. கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர். பின்னதில் வேதியியற் செய்முறை ஆசிரியராகவும் இருந்தவர். மிஷன் கல்லூரிகளின் மாணாக்கராகிய நாம் இதனை நினைத்து மகிழ்தல் தவறாகாது. ராமன் பிறந்த 1888-ஆம் ஆண்டிலேதான் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலியோர் கோவையின் முதற் பஞ்சாலையைத் தொடங்கினர் என்பதை ஒரு புறவுரையாகக் கூறிச் செல்கின்றோம்.

அவ்விருவரும் கொண்ட கருவிகள் எவை? ஞாயிற்றின் ஒளி, அதனைக் குவிக்க ஒரு தொலைநோக்கியின் கண்ணாடி, நிறம் வடிக்கும் வடிகட்டிகள் சில, ஏறத்தாழ அறுபது நீர்மங்கள். மங்கிய ஒளியை உணரும் கருவியாக முதலில் அமைந்தது அவர்களது கண்ணே. இருட்டறையிற் காத்திருந்து, நிறம் மாறிய மெல்லொளியைக் கண்ணாற் கண்டனர். அன்று ராமன் ஒளியைக் கண்டுகொண்டது ரோடாப்சின் உள்ளிட்ட கண்ணின் ஒளியுணர் புரதங்கள். முக்கால் நூற்றாண்டின் பின் ரோடாப்சினைக் கண்டுகொண்டது ராமன் ஒளி. 2005-இல் குக்குரா முதலியோர் பெர்க்லியில் மாத்தீஸ் குழுவினராக இருந்து, பெம்டோ விநாடி மின்னல்களோடு ராமன் முறையை இணைத்து அதனைச் செய்தனர். இதில் ஓர் இடர் உண்டு. மின்னல் குறுகக் குறுக அதன் நிறம் பரவிவிடும். நிறம் பரந்தால் இசையின் நுட்பம் தெரியாது. ஆகவே குறுகிய மின்னல் ஒன்றையும், சற்றே நீண்டு நிறம் தூயதாயுள்ள மின்னல் ஒன்றையும் ஒருங்கே செலுத்தி இரண்டன் பயனையும் பெற்றனர். அவர்கள் கண்டது இது: 200 பெம்டோ விநாடியில் நிறம் மாறிவிட்டபோதிலும், முறுகிய பகுதியிலுள்ள நீரக அணுக்கள் தம் இடத்தில் அமர ஏறத்தாழ ஒரு பிக்கோ விநாடி, அஃதாவது 1,000 பெம்டோ விநாடி, ஆகின்றது. மஞ்சளித்தபின் கனிய நேரம் வேண்டியிருக்கின்றது.

நம் நாட்டிலும் இத்துறை தழைத்துள்ளது. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்திலே சிவா உமாபதி என்னும் பேராசிரியரும் அவர்தம் மாணாக்கரும், ராமன் இழப்பு முறை என்னும் ஒரு வகையை அமைத்து 2009-ஆம் ஆண்டளவில் வெளியிட்டனர். ஒளி பெருகுவதை அளவாமற் குறைவதை அளப்பது அதன் வேறுபாடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திலும் அதிவிரைவு நிகழ்ச்சிகளுக்கெனத் தேசிய மையம் ஒன்று அமைக்கப்பட்டது.

இறுதியாக, எக்ஸ் கதிர். ஒளியின் நிறத்தாலன்றி அணுக்களின் இருப்பிடத்தாலேயே வடிவை அறிவது இம்முறை. 2023-இல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தாரும் கூட்டாளிகளும் நேச்சர் இதழிலே வெளியிட்ட ஆராய்ச்சி இத்தகையது. மாட்டுக் கண்ணின் ரோடாப்சினை நுண்படிகங்களாக்கி, எழுப்பொளியால் எழுப்பி, ஒரு பிக்கோ விநாடி கழித்து எக்ஸ் கதிர் மின்னலைச் செலுத்தினர். அம்மின்னல் படிகத்தை அழித்துவிடும். அழியுமுன் அதன் உருவைக் கொணர்ந்துவிடும். ஒவ்வொரு படிகமும் ஒருமுறையே சான்று சொல்லி மாய்கின்றது. அத்தகைய சான்றுகள் பல்லாயிரம் சேர்ந்தே ஓர் உருவம் ஆகின்றது. அவ்வுருவிலே ரெட்டினல் திரும்பியிருந்தது. ஆனால் முற்றும் நிமிராமல் முறுகியபடியே இருந்தது. மிகுந்த ஆற்றல் புரதத்தின் ஒரு திசை நோக்கி, மூச்சுவிடுவது போன்ற அசைவாகப் பரவிக்கொண்டிருந்தது.

இந்நிலையில் எமது இரண்டாம் வினாவுக்கு வருவோம். இவையெல்லாம் கண்டனவோ, கருதியனவோ? மணிமேகலையிலே சமயக்கணக்கர் திறம் கூறும் காதையில் அளவைகள் பத்தும் பேசப்படுகின்றன. அவற்றுள் முதலிரண்டு காண்டலும் கருதலும். பொறியாற் கொள்வது காண்டல். புகை கண்டு நெருப்பை உணர்வது கருதல். இவ்வாராய்ச்சிகளை 'மூலக்கூற்றின் திரைப்படம்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அஃது உருவகமே, உண்மையென்று கொண்டால் மேஸ்திரியார் சொன்ன விரலிழப்பே நேரும். ஒரு மூலக்கூறும் தொடர்ந்து படம்பிடிக்கப்படவில்லை. ஆலைக்கதிரிலேனும் நாம் கண்டது ஒரே கதிரின் பல சுற்றுகள். ஈண்டோ பல கோடி மூலக்கூறுகளின் கூட்டுருவம். அவற்றுட் சில எழாதன, சில திரும்பாது மீண்டன. அவற்றையெல்லாம் கணக்காற் கழித்த பின்னரே உருவம் எஞ்சுகின்றது. அன்றியும், எக்ஸ் கதிர் முறையாரின் எழுப்பொளி மிகச் செறிவுடையதாயின், ஒரு மூலக்கூறு இரண்டு மூன்று ஒளித்துகள்களை ஒருங்கே உண்டு, இயற்கைக் கண்ணில் ஒருபோதும் நிகழாத ஒன்றைச் செய்யக்கூடும் என்னும் தடையும் அறிஞர்க்கிடையே எழுப்பப்பட்டுள்ளது. இது சிறிய தடையன்று. மங்கிய ஒளியிற் கோலணு ஒன்று ஒற்றை ஒளித்துகளையே எதிர்பார்த்திருக்கும். அதனிடம் வெள்ளத்தை ஊற்றி அது குடிப்பதைக் கண்டோம் என்றல் பொருந்துமா?

எனினும் கருதல் என்பதனால் ஐயத்திற்குரியது என்று ஒதுக்குதலும் கூடாது. நிறத்தைக் கேட்டோர், அதிர்வைக் கேட்டோர், அணுவின் இடத்தைக் கேட்டோர் ஆகிய மூவரும் வெவ்வேறு கருவியுடையோர். ஒருவர் தவறு மற்றவரைத் தொற்றாது. அவர்கள் மூவரும் ஒரு பிக்கோ விநாடியின் எல்லையிலே திரும்பி முறுகிய ரெட்டினல் என்னும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றனர். ஒரே பாடத்தை மூன்று ஏடுகள் தம்முள் தொடர்பின்றித் தரின் அப்பாடத்தைப் பதிப்பாசிரியர் துணிந்து கொள்வர் அன்றோ? யாம் அவ்வளவுக்கே துணிகின்றோம். 200 பெம்டோ விநாடிக்கு முற்பட்ட கணங்களில் அத்தொடர் எவ்வெவ்வாறு நெளிந்து சென்றதென்பதிலோ, ஏடுகள் இன்னும் சிதைந்தே உள்ளன.

இவ்வளவு நுட்பமான பொறிக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகின்றது என்பதையும் கூறல் வேண்டும். ரெட்டினல் ஏ உயிர்ச்சத்தினின்று ஆவது. அவ்வுயிர்ச்சத்தோ முருங்கைக்கீரையிலும், நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் காரட்டிலும் உள்ள மஞ்சட் பொருளினின்று உடலில் ஆவது. அது குறைந்தால் முதலிற் கெடுவது அந்திப்பார்வை. மாலைக்கண் என்பது அதன் பெயர். மேலும் குறைந்தால் குழந்தையின் கருவிழியே உருகிப் பார்வை அடியோடு போம். நமக்கு மேலே மலையிலுள்ள குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவர் 1918-இல் தொடங்கிய ஆராய்ச்சி, ஊட்ட உணவு ஆய்வகமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயரும் வரையில் அங்கேயே நடந்தது. அதன் தலைவராயிருந்த அய்க்ராய்டு, சென்னை அரசினர் கண் மருத்துவமனையைச் சார்ந்த ரைட் என்பாருடன் சேர்ந்து, கருவிழி உருகும் நோய்க்குச் செம்பனை எண்ணெயைக் கொடுத்துப் பார்த்த செய்தியை 1937-இல் வெளியிட்டார். ஏ உயிர்ச்சத்தை இளங்குழந்தைகட்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை பெருமளவிற் புகட்டும் திட்டத்தை இந்திய அரசு 1970-இல் தொடங்கிற்று. வாளும் உறையும் எத்துணை விரைவுடையனவாயினும், வாளில்லாத உறை திரும்புவதற்கு ஒன்றுமில்லை.

நிமிர்ந்த ரெட்டினல் அப்படியே மீண்டும் வளைவதுமில்லை. அது புரதத்தைவிட்டு நீங்கி, விழித்திரையின் பின்னுள்ள வேறோர் அடுக்கிற் பல படிகளைக் கடந்து வளைக்கப்பட்டு, மீண்டும் உறையிற் சேர்தல் வேண்டும். பேரொளியிற் பெரும்பகுதி நிமிர்ந்துவிட்ட கண் இருளுக்கு முற்றும் பழக அரைமணி நேரத்திற்கு மேலாகின்றது. 200 பெம்டோ விநாடியிற் செலவானதை ஈட்ட இத்துணை நேரம். அன்று ஆலையின் வெண்விளக்குக் கூடத்தைவிட்டு வெளியே வந்தபோது, வாயிற்கு அப்பால் எமக்கு ஒன்றும் புலப்படவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு வாய்க்காற் கரையோரமாக நடந்தோம். விடுதிக்கு இரண்டு பர்லாங்கு இருக்கும்போதுதான் விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் தெரியலாயின.